அச்சில் வராத எழுத்துக்கள்

என் கல்யாணத்துக்கு வந்த வாழ்த்துத் தந்திகளில் ஒன்றை மட்டும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் இருப்பவை இரண்டே சங்கதிகள். ஒன்று, என் நண்பனின் பெயர். மற்றொன்று, '8' என்ற எண்.

1974-ம் வருஷம். தாலி கட்டியாகிவிட்டது, முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தந்திகளை உரக்கப் படிக்கும் உத்தியோகத்தைப் பெண் வீட்டுப் பெரியப்பா தாமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். நல்ல கணீரென்ற குரல். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர், "எட்டு!" என்றார். என்றவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எட்டுதான். பந்தலில் ஒரு கணம் நாதஸ்வரக்காரர்கூட வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார். எட்டு என்பது சனீசுவரனுக்கு உரிய எண் அல்லவா? மாப்பிள்ளையின் சிநேகிதன் எதை மனத்தில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு எண்ணைக் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறான்? பெண்ணின் பாட்டி அன்று மாலை வரையில் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைய வாசகர்களுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தந்தி இலாகா வாழ்த்து வாசகங்களுக்கென்று ஒரு ஜாபிதா வைத்திருந்தது. தீபாவளிக்கு ஒன்று, குழந்தை பிறந்தால் ஒன்று, பரீட்சையில் தேறினால் ஒன்று. அனுப்புகிறவர் வாசகத்தை எழுத வேண்டாம். அதன் எண்ணைக் கொடுத்தால் போதும். கம்பியில் எண் மட்டும் போகும். அந்தப் பக்கத்து குமாஸ்தா ஜாபிதாவைப் பார்த்து, எண்ணுக்கு உரிய வாக்கியத்தை எழுதி அனுப்ப வேண்டும். எட்டு என்றால், நீண்ட காலம் இன்பமாக இல்லறம் நடத்த வாழ்த்துக்கள். எங்கள் தந்தி வந்து சேர்ந்தது எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். முகூர்த்த மாதத்தில் மலைபோல் குவிந்த தந்திகளுக்கு நடுவே, அந்தப் புண்ணியவான் எண்ணை எண்ணாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

இந்த விஷயம் சென்ற மாதம் வரையில் எனக்கு ஒரு வேடிக்கைக் கதையாக மட்டுமே இருந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பேத்தி லீவில் வந்திருந்தாள். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, மடியில் யந்திரத்தை வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்களாக என்னவோ ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். நான் காபி டம்ளருடன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரைக்குப் பைத்தியம் பிடித்தது. ஆங்கிலச் சின்ன எழுத்துக்கள் எல்லாம் கோடுகளாகவும் மூலைகளாகவும் கட்டங்களாகவும் மாறிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், பெரிய எழுத்துக்களும் எண்களும் அப்படியே இருந்தன. கரையான் சின்னதை மட்டும் பொறுக்கித் தின்றதுபோல!

"கெட்டுப் போச்சா?" என்றேன்.

"இல்லை தாத்தா. படிக்கக் கூடாத ஒரு ஃபைலைப் படிக்கச் சொல்லிட்டேன். அதுக்குள்ளே பதினாலாம் நம்பர் எழுத்து ஒண்ணு இருந்திருக்கு. அது எழுத்து இல்லை, உத்தரவு. 'இனிமேல் கோடு போடு'ன்னு சொல்லிடுச்சு. டெர்மினலும் கேட்டுடுச்சு."

சொல்லிக்கொண்டே, தான் அடிப்பது தனக்கே தெரியாத அந்தத் திரையில் 'ரீசெட்' என்று ஐந்து எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். திரை ஒரு தரம் சிமிட்டிவிட்டுச் சாதுவாக நின்றது.

எனக்கு உடனே பெரியப்பாவின் குரல் காதில் விழுந்தது. அங்கே உத்தரவாக வந்ததை எழுத்தாகக் கொண்டார்கள். இங்கே எழுத்தோடு எழுத்தாக வந்ததை உத்தரவாகக் கொண்டுவிட்டது யந்திரம். பேத்தி ஊருக்குத் திரும்பும் வரையில் அவளை நான் விடவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி ஒரு நூல் கிடைத்தால், அது எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் இருக்க முடிகிறதா?

அது பிரான்ஸ் தேசத்தில் தொடங்குகிறது. எமில் போதோ என்பவர் தந்தி இலாகாவில் சாதாரண உத்தியோகத்தில் சேர்ந்தவர். 1874-ல் தம்முடைய அச்சுத் தந்திக்குக் காப்புரிமை பெற்றார். மோர்ஸ் தந்தியில் ஒவ்வோர் எழுத்துக்கும் நீளம் வேறு. போதோவின் முறையில் எல்லா எழுத்துக்கும் ஐந்தே துடிப்பு. ஐந்து கட்டைகள்: இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. வாத்தியம் வாசிப்பதுபோல் ஐந்தையும் சேர்த்து, யந்திரம் போடும் தாளத்துக்குத் தப்பாமல் அழுத்த வேண்டும். ஐந்து கட்டைகளை 32 விதமாகத்தான் அழுத்தலாம். ஆங்கில எழுத்துக்கே 26 போய்விட்டால், எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் எங்கே போவது?

இங்கேதான் போதோ ஒரு தந்திரம் செய்தார். இரண்டு குறிகளை அச்சில் வராத குறிகளாக ஒதுக்கிவைத்தார். ஒன்று, 'இனி வருவதெல்லாம் எண்கள்' என்று சொல்லும். மற்றது, 'இனி வருவதெல்லாம் எழுத்துக்கள்' என்று சொல்லும். காகிதத்தில் இவற்றின் சுவடே இராது. ஆனால் பின்னால் வருகிற அத்தனையின் அர்த்தமும் இவற்றின் கையில் இருக்கிறது. கம்பியில் ஓர் இடி, மின்னல், கோளாறு வந்து அந்த ஒரு குறி சிதைந்தால் போயிற்று. பிற்காலத்து டெலிபிரின்டரில் மேல்வரிசை எழுத்துக்கள் பத்தும் எண்கள் பத்தோடு குறியீட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. 'நான்' என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள ஒற்றை எழுத்து, குறி தவறினால் எட்டாக அச்சாகும். (அந்த எட்டு என்னை விட்டபாடில்லை.) என் பேத்தியின் திரையைக் குழப்பிய பதினாலாம் எண், போதோவின் இந்த மாற்றுக் குறியின் நேர் வாரிசு. பெயர்கூட அதே குடும்பத்துப் பெயர்தான்.

அடுத்தவர் டொனால்ட் மர்ரே. நியூஸிலாந்துக்காரர், பத்திரிகைத் தொழிலில் இருந்தவர். அதனாலோ என்னவோ, டைப்ரைட்டர் அடிக்கத் தெரிந்தவன் எவனும் தந்தி அடிக்கலாம்படி செய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1901-ல் அவர் போதோவின் குறிகளை மாற்றி அமைத்தார். அதிகம் வருகிற எழுத்துக்குக் காகித நாடாவில் குறைந்த துளை. அப்படியானால் யந்திரம் தேயாது. இன்னொரு காரியமும் செய்தார். டைப்ரைட்டரில் வரி முடிந்தால் கை இரண்டு வேலை செய்கிறது: வண்டியை இடக்கோடிக்குத் தள்ளுகிறது, காகிதத்தை ஒரு வரி மேலே ஏற்றுகிறது. தூரத்து ஊரில் இருக்கிற யந்திரத்துக்கு அந்தக் கை ஏது? ஆகவே இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு குறி கொடுத்தார். அன்று முதல் கம்பி வழியாக எழுத்து மட்டும் அல்ல, கையும் போக ஆரம்பித்தது என்றே சொல்ல வேண்டும்.

இதன்பின் உத்தரவுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மணியடி என்று ஒன்று. பத்திரிகை ஆபீஸ் டெலிபிரின்டர் அவசரச் செய்தி வரும்போது மணி அடித்துக்கொண்டு வருமே, அதுதான். 'நீ யார்?' என்று ஒன்று. இந்தக் குறி வந்தவுடன், அந்தப் பக்கத்து யந்திரம், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன் பெயரைத் தானே தட்டி அனுப்பும். யந்திரத்தினுள் ஒரு சிறிய உருளை, அதில் பற்கள். வாங்கினவர் தம் நிலையத்துப் பெயருக்குத் தக்கபடி பற்களை ஒடித்துவிட வேண்டும். சென்னையில் கிண்டியிலேயே 1960-ல் ஹிந்துஸ்தான் டெலிபிரின்டர்ஸ் தொழிற்சாலை ஏற்பட்டது. நம் ஊர்த் தந்தி ஆபீஸ்களிலும் பத்திரிகை ஆபீஸ்களிலும் இந்த யந்திரங்கள் தடதடவென்று ஓடிய சப்தத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'நீ யார்?' என்ற கேள்விக்கு யாரையும் கேட்காமல் பதில் சொல்லும் இந்தக் குணத்தை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறது.

கம்ப்யூட்டர்கள் வந்தபோது ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு குறியீட்டை வைத்துக்கொண்டது. பாப் பீமர் என்ற அமெரிக்கர் எண்ணிப் பார்த்தபோது அறுபதுக்கு மேல் இருந்தனவாம். ஐபிஎம் கம்பெனியில் இருந்த அவர் 1960-ல் ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் ஒரே குறியீட்டுக்கு வருகிற வரையில் காத்திருக்க முடியாது. வந்தபின்னும் எல்லாப் பாஷைக்கும் ஒரு குறியீடு போதாது. ஆகவே ஒரே ஒரு எழுத்தை ஒதுக்கி வையுங்கள். அது வந்தால், 'இனி வருவதை வழக்கமான அர்த்தத்தில் கொள்ளாதே' என்று பொருள். அதற்கு அவர் வைத்த பெயர் 'எஸ்கேப்'. இன்றும் கம்ப்யூட்டர் கட்டைகளில் இடது மேல்மூலையில் இருக்கிறது. ஏதாவது ஏடாகூடமாக நடந்தால் தப்பித்துக்கொள்வதற்காக வைத்தது என்றே நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அப்படி அல்ல. குறியீட்டின் சிறையிலிருந்து எழுத்து தப்பிப்பதற்கு அவர் வைத்த திட்டிவாசல் அது.

1963-ல் ஆஸ்கி என்ற பொதுக் குறியீடு வெளிவந்தது. ஏழு துளை, 128 இடம். அதில் 33 இடங்கள் அச்சில் வராத எழுத்துக்களுக்கு! நாலில் ஒரு பங்கு ராஜ்யம் உத்தரவுகளுக்கே போயிற்று என்றால், டெலிபிரின்டர் மனிதர்களின் செல்வாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டைப் பலகையில் 'கன்ட்ரோல்' என்று ஒரு கட்டை இருக்கிறதே, அதை அழுத்திக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தின் வரிசை எண்ணே உத்தரவாகிவிடும். 'ஜி' ஏழாவது எழுத்து, ஏழு மணி. 'எம்' பதின்மூன்று, வண்டியைத் தள்ளு. இருபத்தாறு எழுத்தும் முடிந்து அடுத்து நிற்பது சதுர அடைப்புக்குறி, இருபத்தேழு, அதுதான் எஸ்கேப். கடைசி இடமான 127 ஒரு தனி ரகம். காகித நாடாவில் தப்பாக ஒரு துளை போட்டுவிட்டால் அடைக்க முடியாது. ஆனால் மிச்சத் துளைகளையும் போட்டு ஏழையும் திறந்துவிடலாம். ஏழும் திறந்திருந்தால் யந்திரம் பார்க்காததுபோல் தாண்டிப் போய்விடும். அடித்தல் என்பதற்கு எத்தனை நேர்த்தியான ஏற்பாடு! கையெழுத்துப் பிரதியில் நான் அடித்ததையெல்லாம் உற்றுப் பார்த்துப் படித்துவிடுகிற அச்சுக்கோப்பவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதே 1963-ல் வந்த டெலிடைப் 33 என்ற யந்திரம் விநாடிக்குப் பத்து எழுத்து அடித்தது. ஆனால் வரிக்கோடியிலிருந்து அச்சுத்தலை இடக்கோடிக்குத் திரும்பப் பத்தில் ஒரு விநாடி போதவில்லை. அதனால்தான் முதலில் 'திரும்பு', அப்புறம் 'வரி ஏற்று' என்று இரண்டு உத்தரவாக அனுப்பினார்கள். இரண்டாவது நடக்கும் நேரத்தில் முதலாவது முடிந்துவிடும். அந்த யந்திரம் போய் எத்தனையோ காலமாகிறது. மைக்ரோசாப்ட் விண்டோஸில் எழுதப்படும் சாதாரண எழுத்து ஃபைலில், ஒவ்வொரு வரி முடிவிலும் இன்றும் அந்த இரண்டு உத்தரவும் உட்கார்ந்திருக்கின்றன, இல்லாத வண்டி திரும்புவதற்காக.

பிறகு காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்தது. காகிதத்தில் செய்ய முடியாத காரியங்கள் திரையில் முடியும்: எந்த மூலைக்கும் தாவலாம், எழுதியதை அழிக்கலாம், பளிச்சிடச் செய்யலாம். இதற்கெல்லாம் புதிய உத்தரவுகள் வேண்டும். 33 இடம் போதாது. அப்போதுதான் பீமரின் திட்டிவாசல் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. எஸ்கேப் போட்டு, அப்புறம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமே! சொன்னார்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். டிஜிட்டல் கம்பெனியின் விடி52 டெர்மினல், 'இன்ன வரி, இன்ன இடம்' என்பதைப் பூஜ்யத்திலிருந்து எண்ணி, முப்பத்திரண்டைக் கூட்டி, அதற்கு உரிய எழுத்தாக எதிர்பார்த்தது. லியர் சீக்லர் கம்பெனியின் டெர்மினலும் அப்படியே, ஆனால் முன்னால் வேறு எழுத்து. இன்னொரு கம்பெனி எஸ்கேப்பையே விட்டுவிட்டு, எழுத்துக்களில் இருக்கும் அலைக்குறியை எடுத்துக்கொண்டது. கலிபோர்னியாவில் பில் ஜாய் என்ற மாணவர் உட்கார்ந்து, எந்த டெர்மினலுக்கு எந்த உத்தரவு என்று ஒரு பஞ்சாங்கமே தொகுக்க வேண்டியதாயிற்று. அது 1978-ல்.

அதே 1978-ல் டிஜிட்டல் கம்பெனியின் விடி100 வெளிவந்தது. எண்பது எழுத்து அகலம், இருபத்து நாலு வரி. பொதுத் தரம் ஒன்று அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. எஸ்கேப், உடனே ஒரு சதுர அடைப்புக்குறி, பிறகு எண்கள், நடுவே அரைப்புள்ளி, கடைசியில் காரியத்தைச் சொல்லும் ஓர் எழுத்து. 10, அரைப்புள்ளி, 20, 'எச்' என்றால், பத்தாம் வரியில் இருபதாம் இடத்துக்குப் போ. 2, 'ஜே' என்றால், திரை முழுவதையும் துடை. பின்னால் கலர் வந்தபோது 31, 'எம்' என்றால் சிவப்பு. விடி100 இந்தத் தரத்தைக் கைக்கொண்டு அமோகமாக விற்றது. மற்றவர்கள் அதைப்போலவே நடிக்க ஆரம்பித்தார்கள்.

'நடிக்க' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடி கலாசாலையில் ஒரு மாணவர், டெர்மினலாக நடிக்கும் ஒரு புரோகிராமை எழுதினார். 'எக்ஸ்டெர்ம்' என்று பெயர். இன்றும் உயிரோடு இருக்கிறது. விடி100-ஐத் தயாரித்த டிஜிட்டல் கம்பெனியை 1998-ல் வேறொரு கம்பெனி வாங்கி, அதன் பெயரும் மறைந்துவிட்டது. ஆனால் என் பேத்தியின் மடியில் இருக்கும் கறுப்புத் திரை, அந்த இறந்துபோன பெட்டியின் வேஷத்தைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது. ராஜா போய்விட்டார்; ராஜபார்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வேஷதாரி உள்ளே என்ன செய்கிறான் என்று பேத்தி விளக்கியதுதான் எனக்கு ரொம்பவும் பிடித்தது. ஒரு குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாக ஒவ்வோர் எழுத்தாக உள்ளே வருகிறது. அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியாது; எட்டிப் பார்க்கவும் அனுமதி இல்லை. அவனிடம் இருப்பது ஒரே ஞாபகம்: 'இப்போது நான் எந்த மனநிலையில் இருக்கிறேன்?' சாதாரண மனநிலையில் இருந்தால், வந்த எழுத்தைத் திரையில் ஒட்டுகிறான். எஸ்கேப் வந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். சதுர அடைப்புக்குறி வந்தால், 'சரி, எண்கள் வரப்போகின்றன' என்று சிலேட்டை எடுத்து வைத்துக்கொள்கிறான். எண்களைக் குறிக்கிறான், அரைப்புள்ளி வந்தால் அடுத்த கட்டத்தில் குறிக்கிறான். முடிவெழுத்து வந்ததும் காரியத்தைச் செய்து, சிலேட்டைத் துடைத்துவிட்டுப் பழைய மனநிலைக்குத் திரும்புகிறான். தெரியாத உத்தரவாக இருந்தால்? சண்டை போடுவதில்லை. வாயைத் திறக்காமல் முழுவதையும் விழுங்கிவிடுகிறான். பேசாமல் விழுங்குகிற இந்தக் குணத்தினால்தான் நாற்பது வருஷத்துப் பழைய டெர்மினலுக்கும் புதிய புரோகிராமுக்கும் நடுவே குடித்தனம் நடக்கிறது.

உத்தரவின் நடுவிலேயே வேறோர் உத்தரவு வந்தால்? இங்கே விடி100-காரர்களின் தீர்ப்பு விசித்திரமானது. எண்களைக் குறித்துக்கொண்டிருக்கும்போது, நடுவே 'வண்டியைத் தள்ளு' என்ற பழைய டெலிபிரின்டர் உத்தரவு வந்தால், குமாஸ்தா எழுந்து போய் அதை உடனே செய்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து எண்களைத் தொடர்ந்து குறிக்க வேண்டும். பெரியவர்கள் கூப்பிட்டால் எழுந்து போகத்தானே வேண்டும்? புதிதாக இன்னோர் எஸ்கேப் வந்தால், பழைய உத்தரவைக் கைவிட்டுப் புதியதை ஆரம்பிக்க வேண்டும். 24 அல்லது 26 என்ற எழுத்து வந்தால், 'சொன்னது சொல்லாததாகப் போகட்டும்' என்று அர்த்தம்.

ஆனால் உத்தரவு பாதியில் நின்றுவிட்டால் கஷ்டம்தான். அனுப்பியவனுக்கு நடுவில் கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தா சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். அடுத்து வருவது நல்ல வாக்கியமாக இருந்தாலும், அதன் முதல் எழுத்தை உத்தரவின் வாலாக எண்ணி விழுங்கிவிடுவான். ஜன்னலின் தலைப்பை மாற்றும் உத்தரவு இன்னும் மோசம். அதற்கு முடிவெழுத்து கிடையாது. தலைப்பு முழுவதும் வந்தபின் ஒரு முடிவுக்குறி வர வேண்டும். எக்ஸ்டெர்ம் அந்த வேலைக்கு எதை ஏற்றுக்கொள்கிறது தெரியுமா? ஏழாம் எண்ணை, மணியை! ஆளைக் கூப்பிட ஏற்பட்ட மணி, இந்தக் காலத்தில் முற்றுப்புள்ளி வேலை பார்க்கிறது. அந்த மணி அடிக்காவிட்டால் பின்னால் வருவதையெல்லாம் குமாஸ்தா தலைப்பு என்றே நினைத்து விழுங்கிக்கொண்டிருப்பான்.

எனக்கு இது அனுபவ பாத்தியம். ஒரு பத்திரிகைக்கு எழுதிய கதையில், ஓர் உருக்கமான கட்டத்தில், கோட்டுக்குள் 'இங்கே பத்தி பிரிக்கவும்' என்று எழுதியிருந்தேன். கதாநாயகி கிணற்றடியில் நின்று அழுகிறாள்; 'இங்கே பத்தி பிரிக்கவும்' என்று அழுகிறாள். அப்படியே அச்சாகி வந்தது.

இப்போது திசையைத் திருப்பிப் பார்க்கலாம். திரைக்குப் போகிற உத்தரவு இருக்கட்டும். கட்டைப் பலகையிலிருந்து வருவது? அம்புக்குறிக் கட்டையை அழுத்தினால் டெர்மினல் அனுப்புவதும் எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, ஓர் எழுத்து என்ற தொடர்தான். ஆனால் எஸ்கேப் கட்டையைத் தனியாக அழுத்தினாலும் எஸ்கேப்தான் வருகிறது! வாங்கிக்கொள்கிற புரோகிராமுக்கு எப்படித் தெரியும், மனிதர் எஸ்கேப்பைத் தட்டினாரா, அம்புக்குறியின் முதல் பாகம் வந்திருக்கிறதா என்று? தெரியாது. சற்றுப் பொறுத்துப் பார்க்கிறது. உடனே தொடர்ந்து ஏதாவது வந்தால் அம்புக்குறி. ஒன்றும் வராமல் மௌனமாக இருந்தால் எஸ்கேப். 'என்கர்ஸஸ்' என்ற பிரபலமான புரோகிராம் தொகுதி, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஒரு முழு விநாடி பொறுத்திருக்கிறது. 'எஸ்கேப்பை அடிச்சா ஏன் தாத்தா லேட்டாகுது'ன்னு நான் ஒரு வருஷம் தேடினேன்' என்றாள் பேத்தி. கம்ப்யூட்டர்கூட மௌனத்துக்கு அர்த்தம் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது என்னைப்போன்ற கதைக்காரனுக்கு எத்தனை ஆறுதல்!

இதுவரையில் சொன்னதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை அல்லாத பாகம் ஒன்று உண்டு.

'நீ யார்?' என்று கேட்டால் யந்திரம் தானாகவே பதில் தட்டும் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் குணம் திரை டெர்மினலுக்கும் வந்தது. 'கர்ஸர் எந்த இடத்தில் நிற்கிறது?' என்று கேட்டால் பதில் சொல்லும். 'உன் ஜன்னலின் தலைப்பு என்ன?' என்றாலும் சொல்லும். அந்தப் பதில் எந்த வழியாகப் போகிறது? கட்டைப் பலகை எழுத்துக்கள் போகும் அதே வழியாக. அதாவது, மனிதர் தம் கையால் தட்டியதுபோலவே போகிறது. அந்தப் பக்கம் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

2003-ல் எச். டி. மூர் என்ற நிபுணர் இதன் விபரீதத்தை எடுத்துக் காட்டினார். ஒரு துஷ்டன் ஒரு ஃபைலை அனுப்புகிறான். வெறும் எழுத்து ஃபைல். அதில் மறைவாக இரண்டு உத்தரவு. முதலாவது, ஜன்னலின் தலைப்பை, கம்ப்யூட்டருக்கு இடக்கூடிய ஒரு கட்டளையாக மாற்றுகிறது. இரண்டாவது, 'உன் தலைப்பு என்ன?' என்று கேட்கிறது. நீங்கள் ஃபைலைப் படிக்கிறீர்கள். படிக்க மட்டுமே செய்கிறீர்கள். டெர்மினல் பணிவோடு தலைப்பைச் சொல்கிறது; நீங்களே அந்தக் கட்டளையைத் தட்டியதுபோல் அது போய் நிற்கிறது. கண்ணில் படாமல் இருக்க எழுத்தை மறைத்துவிடும் உத்தரவும் சேர்ந்துகொள்கிறது. 'தொடர எண்டர் கட்டையை அழுத்தவும்' என்று ஒரு வரி. நீங்கள் அழுத்துகிறீர்கள். அவ்வளவுதான், உங்கள் விரலே துரோகியாகிவிட்டது. அதற்கு முன்னால், 1983 முதல் மைக்ரோசாப்ட் டாஸில் இருந்த ஓர் ஏற்பாட்டில், ஒரு கட்டையின் அர்த்தத்தையே எஸ்கேப் உத்தரவால் மாற்றிவிட முடிந்தது. அதையும் குறும்புக்காரர்கள் விட்டுவைக்கவில்லை.

தலைப்பைச் சொல்லும் பழக்கத்தை டெர்மினல்காரர்கள் பிறகு அடைத்துவிட்டார்கள். ஆனாலும் என் பேத்தி இன்றும் பயந்துதான் படிக்கிறாள். அவளுடைய உத்தியோகம், ராத்திரியில் வலைத்தளக் கம்ப்யூட்டர்களின் தினசரிக் குறிப்பேட்டைப் பார்ப்பது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவன் என்ன கேட்டானோ, அது அப்படியே அந்தக் குறிப்பேட்டில் பதிவாகும். அவன் கேட்கிற கேள்வியில் ஓர் எஸ்கேப்பை நுழைத்துவிட்டால்? அப்பாச்சி என்ற புகழ்பெற்ற வலைச் சேவகப் புரோகிராமே, பிழைக் குறிப்பேட்டில் எஸ்கேப்பை வடிகட்டாமல் எழுதி வந்தது என்று அதே 2003-ல்தான் வெளிப்பட்டது, அப்புறம் திருத்தினார்கள். ஆகவே அவள் தெரியாத ஃபைல் எதையும் நேராகத் திரைக்கு அனுப்புவதில்லை. எஸ்கேப் வந்தால் அதைச் செய்யாமல், ஒரு கூரைக்குறியும் ஓர் அடைப்புக்குறியுமாக எழுதிக் காட்டும் புரோகிராம் வழியாகத்தான் பார்க்கிறாள். அச்சில் வராத எழுத்தை அச்சில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் அதற்குப் பல் போய்விடுகிறது. அன்று கூடத்தில் அந்த ஜாக்கிரதையை மறந்ததற்குக் காரணம் என் காபிப் பேச்சுத்தான் என்று என்மேல் பழி போட்டாள். ஏற்றுக்கொண்டேன்.

நம் தமிழும் இந்தத் திட்டிவாசல் வழியாக ஒரு தரம் போய் வந்திருக்கிறது. 1991-ல் இந்திய அரசாங்கத்தின் தரமாக வந்த இஸ்கி குறியீட்டில், தேவநாகரி 'க'வுக்கும் தமிழ்க் 'க'வுக்கும் ஒரே எண். எந்த லிபியில் காட்டுவது என்பதை முன்னால் வரும் ஒரு குறி சொல்லும்: 239 என்ற எண், அடுத்துத் தமிழுக்கு 68. போதோவின் மாற்றுக் குறி நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்த மாதிரி! அந்தக் குறி வழியில் தொலைந்தால் தமிழ்க் கடிதம் தேவநாகரியில் நிற்கும். யூனிகோட் வந்து, ஒவ்வொரு லிபிக்கும் சொந்த வீடு கொடுத்தபிறகு அந்தத் தொல்லை இல்லை.

பேத்தி ஊருக்குப் புறப்படுகிற அன்று, பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தத் தந்தியை எடுத்துக் காட்டினேன். காகிதம் பழுத்துவிட்டது, எட்டு மட்டும் மங்காமல் இருந்தது. அவளுக்கு ஒரு தந்தியைத் தொட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை; நம் தேசத்தில் தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டதே! இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"தாத்தா, முன்னாடி ஒரு எஸ்கேப் இருந்திருக்கணும்" என்றாள்.

சமையலறையிலிருந்து என் மனைவி, "என்ன இருந்திருக்கணும்?" என்று கேட்டாள். பேத்தி உள்ளே போய் ஐந்து நிமிஷம் விளக்கினாள். இவள் கரண்டியும் கையுமாக வெளியே வந்து தந்தியை வாங்கிப் பார்த்தாள்.

"எங்க பாட்டி சாகிற வரைக்கும் உங்க சிநேகிதரை மன்னிக்கலை" என்றாள்.